உவர் ஏறிய வயலும் உமரியும்: கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் இடையில், உப்பாற்றுப் பக்கமாக, களப்பை ஒட்டி இரண்டு ஏக்கர் வயற்காணி இருக்கிறது. அதன் மேற்பாதியில் பெரும்போக நெல் இன்றும் விளைகிறது. கீழ்ப்பாதியில் சில ஆண்டுகளாக நெல் பதராகப் போய், இப்போது சதைப்பற்றான இலைகளைக் கொண்ட ஒரு செடி மட்டுமே பரவிக் கிடக்கிறது. அந்தச் செடியே மண்ணிலுள்ள உப்பை உறிஞ்சித் தீர்த்துவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அதைப் பிடுங்கிவிட்டுக் கண்டல் நட்டுவிடுங்கள் என்று இன்னொருவர் சொல்கிறார். யார் சொல்வது சரி, அந்த நிலத்தால் இனி ஏதும் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உறவினர் சொல்லும் வழி கணக்கில் தோற்கும். மற்றவர் சொல்லும் வழி இடத்தில் தோற்கும். ஆனால் அந்த நிலத்துக்குப் பயன் இல்லை என்று சொல்ல நான் தயாராக இல்லை. அதை விளக்குவதற்கு முன், அங்கே எந்தச் செடி எந்த இடத்தில் நிற்கிறது என்பதை ஒருமுறை கவனமாகப் பார்க்கவேண்டும். உவர்நிலத்தில் தானாக முளைத்த செடி, பணம் வாங்காமல் உங்களுக்கு மண் பரிசோதனை செய்து தந்திருக்கிறது.

கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் ஆவணி மாதத்தில், உங்கள் மேல்வரம்பிலிருந்து களப்பை நோக்கி நடந்து பாருங்கள். நெல் நின்ற தாளடி முடியும் இடத்தில் முதலில் கோரையும் உவர் தாங்கும் குட்டைப் புற்களும் வரும். அதற்கடுத்து, சிவந்த தண்டோடு தரையில் படர்ந்து, தடித்த இலைகளுக்கிடையே இளஞ்சிவப்பு நட்சத்திரம்போல் பூக்கும் வங்கரவள்ளை. அதற்கும் கீழே, நிமிர்ந்து நின்று, உருண்டு மெலிந்த இலைகளைக் கொண்டு, வெயில் ஏற ஏறச் செந்நிறமாக மாறும் செடிதான் உமரி. உங்கள் வருணனையை வைத்துப் பார்த்தால் கீழ்ப்பாதியில் பரவியிருப்பது அதுவாகவே இருக்கவேண்டும். உமரியும் நிற்க முடியாத இடத்தில் மண் வெறுமையாய், வெள்ளைப் பொருக்கோடு கிடக்கும். அந்த வெறுந்தரையைத் தாண்டினால், சேற்றுக்கு மேலே பென்சில்களை நட்டதுபோல் சுவாச வேர்களை நீட்டிய கண்ணா மரங்கள். ஏட்டில் இதனை வெண்கண்டல் என்பார்கள். அவற்றின் நிலப்பக்க ஓரத்தில் தில்லையும் திப்பரத்தையும் நிற்கக்கூடும். தண்ணீரில் கால் வைத்து, வில்லாய் வளைந்த தாங்கு வேர்களோடு நிற்பது கண்டல். இந்தப் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். ஒரே செடிக்கு மூதூரில் ஒரு பெயரும் குச்சவெளியில் வேறொரு பெயரும் இருக்கலாம் என்பதால், பெயரைவிட இலையையும் வேரையும் பார்த்து அடையாளம் காண்பதே நல்லது.

இந்த வரிசையில் பலரும் தவறவிடும் ஒரு செய்தி உண்டு. உப்பு அதிகமாக இருப்பது தண்ணீரின் ஓரத்தில் என்றுதான் எல்லோரும் எண்ணுகிறோம். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நாள்தோறும் வந்து போகும் நீரில் நிற்கும் கண்டலின் வேர் ஏறக்குறைய அந்த அளவையோ, ஆற்று நீர் கலக்கும் இடமானால் அதற்கும் குறைவானதையோதான் சந்திக்கிறது. எப்போதாவது ஏறும் பெருக்கு மட்டுமே எட்டுகின்ற, ஏறிய நீர் திரும்ப வடியாமல் வெயிலில் வற்றுகின்ற அந்த வெள்ளைப் பொருக்குத் தரையில்தான் மண்ணின் நீர் கடல்நீரையும் மிஞ்சிய உப்போடு இருக்கும். உப்பளத்தில் மனிதன் பாத்தி கட்டிச் செய்வதை இயற்கை அங்கே பாத்தி கட்டாமல் செய்கிறது. நிலாவெளியில் உப்பு விளையும் பாத்திகளின் வரம்புகளில் எந்தச் செடிகள் நிற்கின்றன என்று பார்த்தால், உங்கள் கீழ்ப்பாதியில் நிற்கும் கூட்டமே அங்கும் நிற்பதைக் காண்பீர்கள். உப்புவெளி, உப்பாறு என்று ஊருக்கும் ஆற்றுக்கும் பெயர் வைத்தவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

இனி, இந்தச் செடிகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்ற விடயம். உப்பு ஒரு செடியை இரண்டு வழிகளில் வருத்துகிறது. முதலாவது தாகம்: உப்புக் கரைந்த நீரை வேர் இழுப்பது கடினம். கடல்நீரிலிருந்து நல்ல நீரைப் பிரித்து இழுக்க 25 வளிமண்டல அமுக்கத்துக்கு நிகரான இழுவிசை தேவை. நெல்லுக்கு அது இயலாத காரியம். அதனால்தான் கால் நனைய நீர் நிற்கும்போதே பயிர் வாடிக் கருகுகிறது. இரண்டாவது நஞ்சு: இழுத்த நீரோடு உள்ளே வரும் சோடியம், பொற்றாசியத்தின் இடத்தைப் பிடித்து, கலத்தின் உள்வேலைகளைக் குழப்புகிறது. இந்த இரண்டையும் ஒருசேரச் சமாளித்து, லீற்றருக்குச் சுமார் 12 கிராம் கறியுப்புக் கரைந்த நீரில் முளைப்பதிலிருந்து விதை முற்றுவது வரை வாழ்ந்து முடிக்கக்கூடியவற்றையே உவர்த்தாவரங்கள் என்று தாவரவியலாளர் வரையறுக்கிறார்கள். உலகின் பூக்கும் தாவரங்களில் அவை நூற்றுக்கு ஒன்று அளவில்தான் இருக்கும்.

உமரியின் வழி, உப்பை உள்ளே விட்டு அடைத்து வைப்பது. ஒவ்வொரு கலத்தின் நடுவிலும் புன்வெற்றிடம் என்ற நீர்ப்பை ஒன்று இருக்கிறது. உள்ளே வந்த சோடியத்தை அந்தப் பைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு, வெளியே உள்ள கலச்சாற்றில் கிளைசீன் பீட்டெயின் போன்ற, தீங்கில்லாத கரைபொருள்களை நிரப்பி உமரி சமன் செய்துகொள்கிறது. பை பெருக்கப் பெருக்க இலை உருண்டு சதைப்பிடிக்கிறது. நீங்கள் வருணித்த அந்தச் சதைப்பற்று, உப்பைச் சேமித்த பையின் பருமன்தான். செடிக்கு இதில் ஓர் ஆதாயமும் உண்டு. உள்ளே அடைத்த உப்பே வெளியேயுள்ள உப்புநீரை இழுக்கும் விசையாகவும் ஆகிவிடுகிறது. சோடியம் இல்லாத நல்ல மண்ணில் உமரியை வளர்த்தால் அது செழிக்காமல் மெலிந்து நிற்பதற்குக் காரணம் இதுவே.

கண்டல் இதற்கு நேர்மாறான வழியில் போகிறது. அதன் வேரின் உட்தோல், வரும் உப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வாசலிலேயே மறித்துவிடும். கண்ணாவும் ஓரளவு மறிக்கும். மறித்தும் உள்ளே நுழைந்ததை இலையிலுள்ள உப்புச் சுரப்பிகள் வழியே வெளியே கக்கும். காலையில் பனி உலர்ந்த பிறகு கண்ணா இலையை விரலால் தடவி நாவில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். வெயில் ஏறினால் மணிமணியாய் உப்புப் பளபளப்பதை வெறுங்கண்ணாலேயே காணலாம். முற்றிய இலைகளில் உப்பைச் சேர்த்து உதிர்த்துவிடும் இனங்களும் உண்டு.

இவ்வளவு வல்லமை இருந்தும், இந்தச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது: உமரி உட்பட அநேகமானவற்றின் விதைகள் கடும் உவரில் நன்றாக முளைப்பதில்லை. நல்ல மழை பெய்து மேல்மண்ணின் உப்பு சற்றே இறங்கும்வரை அவை காத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை விழுந்த இரண்டொரு வாரங்களில் தரவை எனும் திறந்த மேய்ச்சல் வெளியெங்கும் பச்சைப் புள்ளிகள் எழுவது அதனால்தான். கண்டல் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்ட நாற்றாக வளர்ந்த பின்னரே விழுகிறது. பிள்ளையைத் தாங்க முடிந்த வயதுவரை மடியில் வைத்திருந்து இறக்கிவிடும் மரம் அது.

இப்போது உங்கள் உறவினரின் வாதத்துக்கு வருவோம். உமரி உப்பை உறிஞ்சுகிறது என்பது உண்மை. தமிழ்நாட்டில் செய்து 2007இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஒரு ஹெக்டேயரில், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கரில், நான்கு மாதங்களில் உமரி 504 கிலோவும் வங்கரவள்ளை 474 கிலோவும் உப்பைத் தம்முள் சேர்த்ததாகக் கணக்கிட்டது. அரைத் தொன் உப்பு என்றால் பெரிதாகத்தான் தோன்றும். ஆனால் அதே ஹெக்டேயரில் ஓரடி ஆழம்வரையுள்ள மண்ணின் எடை ஏறத்தாழ 4,000 தொன். அதில் நூற்றுக்கு அரைப் பங்கு உப்பு என்று வைத்தாலும் 20 தொன் உப்பு அங்கே இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பும் புதிதாக வராது என்று எண்ணிக்கொண்டாலும், 40 முறை உமரி வளர்த்து, ஒவ்வொரு முறையும் வேரோடு பிடுங்கி, காணிக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டவேண்டும். அங்கேயே விட்டால், கீழ்மண்ணிலிருந்து ஏற்றிய உப்பை அந்தச் செடி மக்கும்போது மேல்மண்ணில் கொட்டிவிடும். நன்மைக்கு மாறாகக் கெடுதலே மிஞ்சும்.

மழையின் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 100 மில்லிமீற்றர் மழை ஒரு ஹெக்டேயரில் பெய்தால் 1,000 தொன் நல்ல நீர். அந்த நீர் மண்ணுக்குள் இறங்கி, லீற்றருக்கு 5 கிராம் உப்பையேனும் கரைத்துக்கொண்டு வடிச்சல் வாய்க்கால் வழியே வெளியேறினால், 5 தொன் உப்பு போய்விட்டது. பத்து முறை உமரி வளர்த்துப் பிடுங்கிய வேலையை ஒரு கிழமை மழை முடித்துவிடும். திருகோணமலைக்கு ஆண்டில் 1,500 மில்லிமீற்றரை அண்டிய மழை கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான நான்கு மாதங்களில் விழுகிறது. ஆகவே உங்கள் நிலத்தில் இன்றும் உப்பு நிற்கிறதென்றால் மழை போதவில்லை என்று பொருளாகாது. மழைநீர் போக வழியில்லை, அல்லது போன வழியாலேயே களப்பு நீர் திரும்ப வருகிறது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கொட்டியாரக் குடாவின் கரையோர வயல்களுக்குள்ளும் கிணறுகளுக்குள்ளும் புகுந்த பிறகு, வடிய வழியிருந்த நிலங்கள் மழையால் விரைவில் தேறியதும், கிண்ணம்போல் தாழ்ந்து கிடந்தவை நெடுநாள் தேறாமல் இருந்ததும் இந்த ஒரே காரணத்தால்தான்.

அப்படியானால் உமரி பயனற்றதா? உப்பைத் தின்று தீர்ப்பதில் அதற்குப் பெரிய பங்கில்லை. வேறொரு வேலையை அது நன்றாகச் செய்கிறது. வெறுந்தரையில் வெயில் படும்போது நிலத்தடி நீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறி ஆவியாகி, உப்பை மட்டும் மேலே விட்டுச் செல்கிறது. அந்தத் தரையை ஒரு செடிப்போர்வை மூடினால் ஆவியாதல் குறைந்து பொருக்குத் தடிப்பது தணியும். வேர்கள் களியைத் துளைத்து மழைநீர் இறங்க வழி செய்யும். ஆகவே பிடுங்காதீர்கள். வடிச்சல் சரியாகும்வரை அது அங்கே இருக்கட்டும்.

அது கறிக்கும் உதவும் என்பதை உங்கள் வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டால் சொல்லக்கூடும். உமரியின் இளந்தளிரைக் கிள்ளி, நிறைந்த நீரில் அவித்து, அந்த நீரைக் கொட்டிப் பிழிந்து, திரும்பவும் ஒருமுறை அப்படிச் செய்த பின், சிறிய இறாலும் தேங்காய்ப்பூவும் சேர்த்து வறை செய்யலாம். உப்புப் போடவேண்டாம்; மறந்துபோய்ப் போட்டவர்கள் இரண்டாம் முறை மறக்கமாட்டார்கள். வங்கரவள்ளையையும் இவ்வாறே சமைப்பதுண்டு. ஆனால் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் சிறுநீரகக் கல் வந்தவர்களும் இதை அடிக்கடி உண்பது நல்லதன்று. உப்பு ஒரு காரணம். இவ்வகைக் கீரைகளில் மிகுந்திருக்கும் ஒட்சலேற்று மற்றொரு காரணம். அவித்த நீரைக் கொட்டும் பழைய பழக்கம் இரண்டையும் குறைக்கிறது. ஊர்க் கழிவுநீர் விழும் வாய்க்காலோரத்தில் முளைத்ததைப் பறிக்கவேண்டாம். மண்ணிலுள்ள உப்பைச் சேர்க்கும் செடி அங்கேயுள்ள வேறு வேண்டாத பொருள்களையும் சேர்க்க வல்லது.

உமரியின் நெருங்கிய உறவான, இலையே இல்லாததுபோல் கணுக்கணுவாகத் தண்டு மட்டும் தெரியும் சலிகோர்னியா என்ற செடி நம் வடபகுதிக் கரைகளிலும் வளர்கிறது. அதைப் பற்றி இணையத்தில் பெருங்கனவுகள் உலாவுவதால் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். அமெரிக்காவின் கரையோர இனம் ஒன்றின் விதையில் எண்ணெய் ஏறத்தாழ 30 சதவீதம் இருக்கிறது. கடல்நீரை நேரடியாகப் பாய்ச்சி அதை மெக்சிக்கோவிலும் எரித்திரியாவிலும் பயிரிட்டுப் பார்த்தார்கள். துபாயில் 1999இல் தொடங்கிய உவர் வேளாண்மைக்கான பன்னாட்டு ஆய்வு நிலையம் இன்றும் இவ்வகைச் செடிகளில் வேலை செய்கிறது. இந்தியாவில் பாவ்நகரிலுள்ள உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் நம் கரைகளிலும் வளரும் இனத்திலிருந்தே சமையல் உப்பு எடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் இவ்வகைச் செடிகளை எரித்த சாம்பலிலிருந்துதான் கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் வேண்டிய சோடாக்காரம் வந்தது. இவையெல்லாம் மெய். ஆனாலும் வாங்குவார் யார் என்று தெரியாத பயிரை ஓர் ஏக்கரில் போடும்படி நான் எவருக்கும் சொல்லமாட்டேன். உமரிக்கீரைக்கோ சந்தையில் நாலு பிடியாவது விலைபோகும்.

கால்நடைத் தீவனம் இதைவிட நிச்சயமான வழி. தரவையில் மாடு மேய்ப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை: மாடு முதலில் தேடுவது உவர் தாங்கும் குட்டைப் புல்லைத்தான், உமரியைக் கடைசியாகவே தொடும். புற்கள் உப்பை அதிகம் சேர்ப்பதில்லை. சிலவற்றில் கண்ணாவுக்கு இருப்பதுபோன்ற உப்புச் சுரப்பிகளும் உண்டு. உமரியையே முழுத் தீவனமாக வைத்தால் கழிச்சல் வரும். வைக்கோலோடும் புல்லோடும் சிறு பங்காகக் கலந்து, குடிக்க நல்ல நீர் தாராளமாக வைத்தால் தீங்கில்லை. ஆடுகள் கண்ணா இலையை விரும்பித் தின்னும். குஜராத்தில் கடலில் நீந்திப் போய்க் கண்ணாக் காட்டில் மேயும் ஓர் ஒட்டக இனமே இருக்கிறது என்பதைச் சொன்னால் இங்கே பலர் நம்புவதில்லை. அவுஸ்திரேலியாவில் உவரேறிய பெருநிலங்களில் உப்புப்புதர் எனும் செடியை நட்டு ஆடு வளர்க்கிறார்கள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. உவரில் எதுவும் வராவிட்டால் சீமைக்கருவேலை நடுங்கள், விறகாவது கிடைக்கும் என்று யாரேனும் சொன்னால் கேளாதீர்கள். அம்பாந்தோட்டைப் பக்கத்தில் உவர்நிலத்தைத் திருத்தக் கொண்டுவந்த அந்த மரம் பூந்தல பூங்காவுக்குள் புகுந்து, பறவைகள் இரைதேடும் திறந்த வெளிகளையும் மேய்ச்சல் தரைகளையும் முள்ளுக்காடாக ஆக்கிவிட்டது. காயைத் தின்ற மாடே அதன் விதையை ஊரெல்லாம் பரப்பும்.

மணற்கரைச் செடிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லையாயினும் ஒரு சொல். நிலாவெளியிலும் குச்சவெளியிலும் கடற்கரை மணலைப் பிடித்து வைத்திருப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும். அவை வேரூன்றி வாழ்வது, நிலத்தடியில் உப்புநீரின் மேல் மழைநீர் மிதந்து நிற்கும் மணல்மேட்டில். அவற்றின் வல்லமை, மண்ணின் உப்பைவிட காற்றோடு வந்து விழும் உப்புத் திவலையைத் தாங்குவதிலும் மணலால் மூடப்பட்டாலும் கணுவுக்குக் கணு வேர்விட்டு மேலே வருவதிலும் இருக்கிறது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழியைச் சொன்னவர், அந்தக் கொடியை ஒரு தடவையாவது இழுத்துப் பார்த்திருக்கவேண்டும். இராவணன் வெட்டு இருக்கும் ஊரில் இராவணன் மீசையை யாரும் கண்டுகொள்வதில்லை. கடற்கரையைச் ‘சுத்தம்’ செய்வதாக எண்ணி அதை மழித்துவிடுகிறார்கள். மறுமாரியில் மணல் போய்விட்டதென்று கல் அடுக்குகிறார்கள். உங்கள் சேற்று நிலத்துக்கு இவை ஒத்துவராது.

இனிக் கண்டல். கண்டற்காட்டின் பயனை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. பருத்தி வலை இருந்த காலத்தில் கண்டல் இனப் பட்டையை அவித்த சிவப்புச் சாற்றில் தோய்த்துத்தான் வலையை உக்காமல் காத்தார்கள். வேலிக் கம்பும் விறகும் அங்கிருந்தே வந்தன. தில்லையை மட்டும் விறகுக்குக் கூடத் தள்ளியே வைத்தார்கள், ஏனெனில் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே கெடும். இன்று மரத்தைவிட மரத்தடியே பெறுமதி. தம்பலகாமக் குடாவிலும் உப்பாற்றிலும் பிடிபடும் இறாலும் சேற்று நண்டும் தம் இளமைக் காலத்தைக் கழிப்பது அந்த வேர்களுக்கிடையில்தான். 2015இல் இலங்கை தன் கண்டற்காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டத்தை அறிவித்தது. அவற்றை மீட்டெடுக்கும் முயற்சிக்காக 2024இல் ஐக்கிய நாடுகளின் பாராட்டும் நாட்டுக்குக் கிடைத்தது. உங்கள் காணியின் களப்போரத்தில் ஏற்கெனவே நிற்கும் கண்டலையும் கண்ணாவையும் உரிய திணைக்களத்தைக் கேளாமல் வெட்டவேண்டாம். காணி உறுதி கையில் இருந்தாலும் சட்டச் சிக்கல் வரலாம்.

ஆனால் நடுவது வேறு கதை. ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரைகளெங்கும் கண்டல் நட்டார்கள். பதாகை கட்டி, படம் பிடித்து நட்டார்கள். 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, மீளநடுகைக்கு உட்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் காடாகத் தேறியது. காரணம் நம் கடலின் இயல்பிலேயே இருக்கிறது. இலங்கையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே கண்டல் வாழக்கூடிய பட்டை மிகவும் ஒடுங்கியது. ஒரு சாண் தாழ்ந்தால் நாற்று மூழ்கிச் சாகும், ஒரு சாண் உயர்ந்தால் வரண்டு சாகும். கையில் பிடித்துக் குத்துவதற்கு எளிது என்பதற்காக எங்கும் நீண்ட கண்டல் நாற்றையே நட்டது அடுத்த தவறு; நிலப்பக்கத்தில் நிற்கவேண்டியது கண்ணாவோ திப்பரத்தையோதான். உங்கள் கீழ்ப்பாதி, நாள்தோறும் நீர் வந்து போகும் பட்டைக்கு மேலே, உப்பு மிகுந்த அந்த உமரி மட்டத்தில் இருக்கிறது. அங்கே நடும் கண்டல் அடுத்த கச்சானைக் காணாது. கண்டல் வரக்கூடிய இடமாக அது இருந்திருந்தால், பக்கத்தில் தாய்மரம் நிற்கும்போது உங்களைக் கேளாமலே வந்திருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறு, கண்டற்சேற்றை வடித்து வயலாக்குவது. அந்தச் சேற்றில் காற்றுப் படாமல் இரும்புச் சல்பைட்டு உறங்கிக்கொண்டிருக்கிறது. வடித்துக் காயவிட்டால் அது ஒட்சிசனோடு சேர்ந்து சல்பூரிக் அமிலத்தை உண்டாக்கும். உப்பு போனாலும் புளிப்பு வந்துவிடும். காய்ந்த கட்டியில் வைக்கோல் நிற மஞ்சள் புள்ளிகளும், வாய்க்காலில் துருப் படலமும் கண்டால் அங்கே மண்வெட்டியை வைக்காதீர்கள்.

ஆகவே உங்கள் இரண்டு ஏக்கரை நான் மூன்று துண்டாகவே பார்க்கிறேன். நெல் விளையும் மேற்பாதியைக் காப்பதே முதல் வேலை. அதற்கும் கீழ்ப்பாதிக்கும் இடையிலுள்ள வரம்பை உயர்த்தி, களியால் இறுக்கி, அதன் மேல் பூவரசு நடலாம். உவரைத் தாங்கும், குழை ஆட்டுக்கும் வயலுக்கும் உதவும். வரம்பின் அடியில் ஒரு வடிச்சல் வாய்க்கால் வெட்டி, அது களப்பைச் சேரும் இடத்தில், உள்நீர் உயர்ந்தால் திறந்து வெளிநீர் உயர்ந்தால் தானே மூடிக்கொள்ளும் ஒருவழிக் கதவு போட்டால், மழை கழுவிய உப்பு வெளியேறும், பெருக்கு உள்ளே வராது. இதை ஒருவர் தனியாகச் செய்தால் பக்கத்து வயலுக்கு நீர் போய் வழக்காகிவிடும். வயல்நீரை மேற்பார்க்கும் வட்டவிதானையையும் கமக்காரர் அமைப்பையும் முன்கூட்டியே அழைத்துப் பேசுங்கள்.

நெல்லைப் பொறுத்தவரை, மண்ணின் உப்பு அளவைக் காட்டும் மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்குமேல் ஒவ்வொரு அலகுக்கும் எட்டில் ஒரு பங்கு அளவில் போகும். 7ஐ எட்டினால் பாதி போய்விடும். நெல் உப்புக்கு அதிகம் அஞ்சுவது இளநாற்றிலும் பூக்கும் காலத்திலும். ஆகவே முதல் மழைக்கே விதைத்துவிடாமல், இரண்டு மூன்று தடவை நீரைக் கட்டி, கலக்காமல் மெல்ல வடித்த பிறகு விதையுங்கள். முடிந்தால் ஓரத்துப் பாத்திகளில் விதைப்பை விட்டு, நன்கு முற்றிய நாற்றை நடுங்கள். அம்பலாந்தோட்டை ஆய்வு நிலையம் தந்த ஏ.டி. 354 என்ற இனம் உவரைத் தாங்குவதற்காகவே உருவாக்கப்பட்டது. கேரளத்தின் உவர்வயல் நெல்லான பொக்காளி அதன் ஒரு பெற்றோர். அந்தப் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல்லும், உப்புநீர் ஏறும் காலத்தில் இறாலுமாக மாறிமாறி எடுக்கிறார்கள். நம் பக்கத்தில் அதைப் பார்த்துச் செய்ய விரும்புவோர், இறாலுக்காக உள்ளே விடும் உப்புநீர் அடுத்தவர் கிணற்றை என்ன செய்யும் என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

வரம்பை அடுத்த நடுத்துண்டில் இரண்டு மாரிக்கு எதையும் பயிரிடாமல் புல் விடுங்கள். மின்கடத்துதிறன் 5க்குக் கீழே இறங்கினால் மேட்டுப்பாத்தி கட்டிப் பீட்றூட் போட்டுப் பார்க்கலாம். அது உமரியின் குடும்பத்துச் செடி, அதன் மூதாதை கடற்கரையில் வளர்ந்தது, அந்தப் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. மிளகாயையும் வெங்காயத்தையும் பயற்றையையும் அங்கே வைத்துப் பணத்தை இழக்கவேண்டாம். மழை கழுவிய பிறகு அந்த மண் பால்போல் கலங்கி, காய்ந்ததும் கல்லாக இறுகினால், உப்புப் போய்ச் சோடியம் மட்டும் களியைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். ஜிப்சம் இடவேண்டியது அப்போதுதான். அதற்கு முன் கடைக்காரர் சொன்னாரென்று மூட்டை மூட்டையாக வாங்காதீர்கள். மூன்றாவது துண்டு உமரி நிற்கும் கடைசித் தரை. அது உமரிக்கும் மாட்டுக்கும் கொக்குக்கும் இருக்கட்டும். பெருக்கு ஏறும் நாளில் உங்கள் வரம்புக்கு முன்னால் நின்று அடிவாங்குவதும் அந்தத் தரைதான்.

கச்சான் காலத்தில் கிணற்றில் பம்பு வைத்து இறைப்பதையும் குறையுங்கள். கரையோர மண்ணில் நல்ல நீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கிணற்றுமட்டம் ஓர் அடி தாழ்ந்து அப்படியே நின்றால், கீழேயுள்ள உப்புநீர் மட்டம் காலப்போக்கில் 40 அடி அளவுக்கு உயரக்கூடும் என்பது பழைய கணக்கு.

மண் மாதிரியை ஒரு தடவை மட்டும் எடுத்தால் அது பொய் சொல்லும். மாரி முடிந்ததும் எடுத்தால் நல்ல மண்போலவும், கச்சானில் எடுத்தால் செத்த மண்போலவும் தெரியும். செப்டெம்பர் கடைசியில் ஒருமுறையும் பெப்ரவரி நடுவில் ஒருமுறையும், நெல் ஓரம், நடுத்துண்டு, உமரி நிற்கும் இடம் ஆகிய மூன்றிலும், மேல் அரையடியிலிருந்தும் அதற்குக் கீழ் அரையடியிலிருந்தும் தனித்தனிப் பையில் எடுங்கள். பையில் இடத்தையும் ஆழத்தையும் திகதியையும் எழுதி, கிணற்று நீரையும் வடிச்சல் நீரையும் இரண்டு போத்தல்களில் சேர்த்து, கமநல சேவை நிலையத்தில் கொடுத்து மண் ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். மின்கடத்துதிறனோடு சோடிய அளவையும் அமிலகார எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பெப்ரவரி மாதத்து எண் செப்டெம்பர் எண்ணின் பாதிக்கு வந்திருந்தால் வடிச்சல் வேலை செய்கிறது. அசையாமல் நின்றால் வாய்க்காலின் கதவைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அதில் ஒரு தடியோ பிளாஸ்ரிக் போத்தலோ சிக்கியிருக்கும்.